ஸ்டார்ட்டருக்குப் போன காலிங் பெல்

அன்புள்ள மகளுக்கு,

இத்தனை மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது போதும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், அதாவது கல்லூரிக்குப் போகிறேன், வருகிறேன், சமைத்ததைச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூங்குகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பையனும் உன் அம்மாவும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று எழுதுவதற்குக் காரணம், யாரும் எனக்குச் சொல்வதில்லை என்பதுதான். போனில் பேசக்கூடாதா என்று நீ கேட்கலாம். போனில் நமக்குள் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது, நான்காவது வாக்கியத்தில் நீ வைத்துவிடுகிறாய். காகிதத்தையும் நடுவில் வைத்துவிடலாம், ஆனால் அது அங்கேயே கிடக்கும், கோபம் தணிந்த பிறகு எடுத்து விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். ஆகவே காகிதம். உன் மாமா நம் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் ஏன் கதவைத் திறக்கவில்லை என்பதை உனக்கு எழுத வேண்டும். அதை எடுத்தவுடனே எழுதினால் சாக்குச் சொல்கிறேன் என்பாய். காரிலிருந்து ஆரம்பித்தால்தான் விளங்கும், பொறுமையாகப் படி.

உன் பிரசவத்துக்குத் துணையாக உன் அம்மாவை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் நம் டீசல் கார் நின்றுபோனது உனக்குத் தெரியும். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் பிளந்து தண்ணீர் முழுவதும் ரோட்டில் கொட்டிவிட்டது. அந்தக் குழாயை மாற்று மாற்று என்று நம் பழைய மெக்கானிக்கிடம் நான் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன். 'இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும் சார், எதுக்கு வீண் செலவு' என்று அதன் மேலேயே டேப்பைச் சுற்றி அனுப்பிவைத்தவன் அவன். அதை நான் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை. சூட்டைக் காட்டும் முள் சிவப்பு வரைக்கும் ஏறியிருக்கும். நான் பார்க்கவில்லை. உன் அம்மா குடித்துவிட்டு மறந்துபோன தண்ணீர் பாட்டில் பக்கத்து இருக்கையில் இப்படியும் அப்படியும் உருண்டுகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பானெட்டின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிய பிறகுதான் ஓரம் கட்டினேன், அதற்குள் இன்ஜின் இறுகிவிட்டது. கட்டி இழுத்து வந்து வீட்டில் விட்ட பிறகு மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்து, 'ஹெட்டு வளைஞ்சிருக்கும், பிஸ்டன் எல்லாம் சுவத்தைக் கீறியிருக்கும், பேசாம பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுங்க சார்' என்றான். உன்னைப் போட்டால் எத்தனை பழம் தருவான் என்று கேட்டேன். அதோடு அவனுக்கும் நமக்கும் தீர்ந்தது.

நானே பிரித்து நானே பூட்டுகிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். வீம்பு என்று உன் அம்மா சொல்லியிருப்பாள், நீயும் சொல்வாய். இருக்கட்டும். டீசல் இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவன் நான். இரண்டு வளைவு, இரண்டு கோடு, அவ்வளவுதான் அது, துடைத்தால் போய்விடும், கையில் ஒரு சொட்டு எண்ணெய் படாது. உன் அம்மா சில மாதத்தில் திரும்பிவிடுவாள், அதற்குள் வண்டியை எழுப்பிவிட்டால் அதிலேயே போய் அழைத்து வரலாம் என்பது என் கணக்கு. கார் கொட்டகையின் குறுக்கு இரும்பில் எடை தூக்கும் சங்கிலிக் கப்பி ஒன்றை மாட்டி, இன்ஜினைத் தூக்கி வெளியே எடுத்தேன். ஒயர், குழாய், போல்ட் ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டிக் கழற்றினேன். தனியாளாக இழுக்கும்போது அந்த எடை அந்தரத்தில் மெல்லச் சுற்றும், தானாக நிற்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது, ஒரு கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று ஒரு விரலால் தொட்டால் நின்றுவிடும்.

கொட்டகையில் மழை ஒழுகுவதால் கழற்றியதை எல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். நீ இப்போது வந்தால் வீடு உனக்கு அடையாளம் தெரியாது. வால்வுகளை அட்டைப்பெட்டியில் துளை போட்டு வரிசையாக நிறுத்தி உன் புத்தக அலமாரியில் வைத்தேன். கனெக்டிங் ராடுகள் சமையல் மேடையில். சின்ன உருப்படிகளைக் கழுவியது பாத்திரம் கழுவும் தொட்டியில், உன் அம்மாவிடம் போட்டுக்கொடுக்காதே, இரண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன், ஆனாலும் டம்ளரை வாயில் வைத்தால் லேசாக டீசல் வாசம் வரத்தான் செய்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டைப் படுக்கப் போட்டு வைத்தால் தன் எடைக்கே வளைந்துவிடும் என்பார்கள், அதனால் அதை நிமிர்த்தி, பழைய படுக்கை விரிப்பைச் சுற்றி, ஹாலில் மூலையில் உயரமான ஸ்டூல்மேல் நிறுத்திக் கட்டிவைத்தேன். கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள் வாசலோடு நின்றுவிட்டான். 'யாரோ விருந்தாளி வந்திருக்காங்க போல, முக்காடு போட்டுட்டு நிக்கிறாங்க, அப்புறமா வரட்டுமா சார்' என்று ரகசியமாகக் கேட்டான். தெரிந்தவர்தான், கூச்ச சுபாவம் என்று சொல்லி அனுப்பினேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் போன பிறகு அந்த மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், சில நாட்களில் விளக்கைப் போடும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது என்பதை அவனிடம் சொல்லவில்லை.

கல்லூரியில் எதுவும் மாறவில்லை. எனக்குப் பின்னால் சேர்ந்து எனக்கு முன்னால் துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தானே தலையாட்டி, அவன் என் நகக்கண்ணில் கறுப்பைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும், 'என்ன சார், ஒர்க்‌ஷாப் வேலைக்கு எங்கயாச்சும் அப்ளை பண்ணிருக்கீங்களா' என்று கேட்டான். பண்ணலாம்தான், ஆனால் அங்கே தலையை ஆட்டினால் வேலை நடக்காதாம், போல்ட்டை முறுக்க வேண்டுமாம், உங்களுக்குச் சரிப்படாது என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளருக்குள் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கிறது. பரவாயில்லை, பையை வைத்துக்கொள்ள இடமாயிற்று.

ஹெட்டும் பிளாக்கும் லேத் பட்டறையிலிருந்து சீவிக் கடைந்து வந்த சமயத்தில்தான் உன் மாமா போன் செய்தான். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, பேச்சோடு பேச்சாக, 'அக்கா வேலைக்குப் போறது நல்லதுதான் அத்தான், அவங்களுக்கும் பொழுது போகும்ல' என்றான். எந்த வேலை என்று கேட்டேன். 'உங்களுக்குத் தெரியாதா அத்தான்' என்று இழுத்தான். அப்புறம்தான் குழந்தைகள் காப்பகம், காலையிலிருந்து மத்தியானம் வரை, அங்கே எல்லோருக்கும் உன் அம்மாவைப் பிடித்துப்போய்விட்டது, சேர்த்துவிட்டதே நீதான், அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று சொன்னதும் நீதான் என்று ஒவ்வொன்றாக வந்தது. மகளே, உன் அம்மா வேலைக்குப் போனது எனக்கு அவமானம் என்று நீ நினைத்துக்கொண்டாய். அது இல்லை. என் மனைவி என்ன செய்கிறாள் என்பதை அவள் தம்பி வாய் தவறிச் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது பார், அது. 'சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும்' என்று நீ அன்றைக்குப் போனில் சொன்னாய். சொல்லாமலே என் பதிலையும் நீயே சொல்லிக்கொண்டால் நான் எதற்கு. இதை நான் இப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை, இந்தக் கடிதத்தில் விட்டுக்கொடுப்பேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவாய். அன்றைக்குத்தான் நான் பேசுவதை நிறுத்தினேன். உன் அம்மா திரும்பிவரும் தேதி என்று ஒன்று இல்லாமல் போய்விட்டதும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வேலையை மட்டும் விடவில்லை. இனி அவசரம் இல்லை, யாரையும் அழைத்துவர வேண்டியதில்லை, நிதானமாகச் செய்யலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிராங்கைப் பிளாக்கில் உட்காரவைத்து, அதன்மேல் பேரிங் மூடிகளைப் போட்டு, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனரால் படிப்படியாக முறுக்கினேன். முறுக்கி முடித்துக் கையால் சுற்றிப் பார்த்தால் அசையவே இல்லை. எண்ணெய் விட்டிருந்தேன், அளவுகள் சரி, எங்கே தப்பு என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து மறுபடி ஒவ்வொன்றாகத் தளர்த்தி வந்தேன், நடு மூடியைத் தளர்த்தியதும் கிராங்க் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அந்த ஒரு மூடியை முன்பின்னாக மாற்றிப் போட்டிருக்கிறேன். எண் சரிதான், அம்புக்குறி மட்டும் எதிர்ப்பக்கம். திருப்பிப் போட்டு இறுக்கினேன், ஒரு விரலால் சுற்ற முடிந்தது, அவ்வளவு கனமான இரும்பு, குழந்தையின் விளையாட்டுச் சாமான் மாதிரி. அப்போது வாய்விட்டு, இங்கே வந்து பாரேன் என்று சொல்லிவிட்டேன். சமையலறைப் பக்கம் பார்த்துத்தான் சொன்னேன். சொன்ன பிறகு வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது காதில் விழுந்தது. அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை, கையைக் கழுவிக்கொண்டு ரொட்டியை நின்றபடியே தின்றுவிட்டுப் படுத்துவிட்டேன்.

பிஸ்டன் வளையங்களின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் திருப்பிவைத்து, ஹெட்டை ஏற்றி, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசைப்படி மூன்று சுற்றாக இறுக்கி, இன்ஜினை மறுபடி காருக்குள் இறக்கும்வரை எல்லாவற்றையும் தனியாகவே செய்தேன். கடைசி வேலையில் மாட்டிக்கொண்டேன். டீசல் வண்டியில் எரிபொருள் குழாயில் காற்று நின்றால் இன்ஜின் பிடிக்காது. காற்றை வெளியேற்ற, ஒருவர் முன்னால் நின்று இன்ஜெக்டர் குழாய்களின் நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும், நுரை நின்று டீசல் பீச்சியதும் நிறுத்த வேண்டும். முன்பு ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் உன் அம்மாதான் உள்ளே உட்காருவாள். அடி என்றால் ஸ்டார்ட்டரை அடிப்பாள், நிறுத்து என்றால் ஒரு கணம் கழித்துத்தான் நிறுத்துவாள், டீசல் என் சட்டையில் அடிக்கும், நான் கத்துவேன். 'நீங்க சொன்னப்புறம்தானே நிறுத்த முடியும், முன்னாடியே நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னு அதுக்கும் கத்துவீங்க' என்பாள்.

இப்போது யாரைக் கூப்பிடுவது. பழைய மெக்கானிக் கதை சொன்னேன். தலையாட்டியைக் கூப்பிட முடியாது. பக்கத்து வீட்டுப் பல்பிடுங்கி டாக்டரோடு மதிலோரம் அவர் ஜெனரேட்டர் வைத்த நாளிலிருந்து பேச்சு இல்லை, அவர் வீட்டம்மா என்னைக் கண்டால் வாளியைச் சத்தமாக வைப்பார். எதிர்வீட்டுக்காரரோடு எதற்குச் சண்டை போட்டேன் என்பதே மறந்துவிட்டது, பேசுவதில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. இந்தத் தெருவில் ஒரு சாவியைத் திருப்ப எனக்கு ஓர் ஆள் கிடையாது. அப்போது ஒரு யோசனை வந்தது. ஸ்டார்ட்டரை முன்னால் நின்றபடியே இயக்க, அழுத்தினால் சேர்ந்து, விட்டால் விலகுகிற ஒரு சுவிட்ச் போதும். அது எங்கே இருக்கிறது என்றால் வாசலில் இருக்கிறது. நம் வீட்டுக் காலிங் பெல் சுவிட்ச். அதை யார் அழுத்துகிறார்கள் இப்போது. ஸ்குரூவைக் கழற்றி அதை எடுத்துக்கொண்டேன், சுவரில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஒயர்களின் முனைக்கும் டேப் சுற்றிவிட்டேன், நீளமான ஒயர் கோத்து, அதிக மின்சாரத்தைத் தாங்க நடுவில் ஒரு ரிலே வைத்து, ஸ்டார்ட்டரோடு இணைத்தேன். உன் அம்மாவைவிட நன்றாகவே வேலை செய்தது, விட்டவுடனே நின்றது. சட்டையில் ஒரு சொட்டுப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கேட்டை வழக்கம்போல உள்பக்கம் பூட்டியிருந்தேன், போன் உள்ளே ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் இருந்தது. கொட்டகையில் இடது கையில் பெல் சுவிட்ச், வலது கையில் ஸ்பேனர். அழுத்தினேன், சுற்றியது, நுரைத்தது, விட்டேன், மறுபடி அழுத்தினேன். ஒவ்வொரு குழாயாக இறுக்கி வந்தேன். கடைசிக் குழாயை இறுக்கும்போதே இன்ஜின் ஒரு தடவை இருமியது. அப்புறம் கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை, தகரம் அதிர்கிற சத்தம், பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்துக்கொண்டேன், எண்ணெய் அழுத்த விளக்கு அணைந்தது, சத்தம் சீரானது. வெகுநேரம் ஓடவிட்டேன். தேவையைவிட அதிகமாக. நிறுத்தினால் மறுபடி அந்த அமைதி வந்துவிடும் என்று ஓடவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் உன் மாமா வாசலில் நின்றிருக்கிறான். எனக்குத் தெரியாது. மகளே, எனக்குத் தெரியவே தெரியாது. இன்ஜினை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது போனில் அவன் கூப்பிட்டிருந்தது தெரிந்தது, அவன் ஊரிலிருந்து கூப்பிட்டிருப்பான் என்று நினைத்தேன், வேண்டுமானால் மறுபடி கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் உன்னிடமிருந்து செய்தி வந்தது. 'மாமாவை வெயில்ல வாசல்ல நிக்க வெச்சு அவமானப்படுத்திட்டீங்க. அம்மா இனிமே அங்க வரமாட்டா. நீங்க உங்க காரோட சந்தோஷமா இருங்க.' எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வராத ஆளை வாசலில் நிற்கவைத்தேனாம். அக்காவும் தம்பியும் நீயுமாகச் சேர்ந்து என்மேல் பழி போட ஒரு கதை கட்டுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். பதில் போடவில்லை. வாரக்கணக்கில் போடவில்லை. தவறு செய்யாதவன் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். வண்டியைத் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவேன், கொட்டகையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. எங்கே போக.

நேற்று மத்தியானம் யாரோ கேட்டைச் சாவியால் தட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் பல்பிடுங்கி வீட்டம்மா. அவர்கள் வீட்டுப் பூனை இரண்டு நாளாகக் காணவில்லையாம், நம் கொட்டகைக்குள் குட்டி போட்டிருக்குமோ என்று சந்தேகமாம். திறந்துவிட்டேன். பழைய டயருக்குள் இருந்தது, குட்டிகளோடுதான். அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போகிறவர் கேட்டருகில் நின்று, சுவரில் தொங்கிய ஒயரைக் காட்டி, 'பெல்லைப் பிடுங்கிப் போட்டுட்டு யார் வருவாங்கன்னு சார் உள்ள உக்காந்திருக்கீங்க' என்று கேட்டார். பிடுங்கிப் போடவில்லை, ஸ்டார்ட்டருக்குத் தேவைப்பட்டது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'ஸ்டார்ட்டருக்கா. அன்னைக்கு உங்க மச்சினர் வந்தப்போ அதுதான் ஓடிச்சா' என்றார். அப்புறம் கேட்டுக்கேட்டு வாங்கினேன். உன் மாமா பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் பழப் பையோடு நின்று, பெல் இருக்கிற இடத்தில் ஒயர் தொங்குவதைப் பார்த்திருக்கிறான், கேட்டைத் தட்டியிருக்கிறான், அத்தான் அத்தான் என்று கத்தியிருக்கிறான், போன் அடித்திருக்கிறான். அவன் கத்தக் கத்த உள்ளே இன்ஜின் சத்தம் ஏறியிருக்கிறது. 'வேணும்னே சத்தத்தைக் கூட்டுறாருக்கா, பெல்லைக்கூடப் பிடுங்கி வச்சிருக்கார் பாருங்க' என்று இந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். 'எங்க அக்காதான் அனுப்பிச்சாங்க. லீவு கிடைக்கும்போல இருக்கு, வரட்டுமான்னு ஒரு வார்த்தை நேர்ல கேட்டுட்டு வாடா, போன்ல கேட்டா கோவத்துல என்னத்தையாவது சொல்லிடுவார், முகத்தைப் பாத்துக் கேட்டுட்டு வான்னு அனுப்பிச்சாங்க. இதுக்கு மேல என்ன பதில் வேணும்' என்று சொல்லிவிட்டுப் பழத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டான். 'நாங்களும் வேணும்னேதான்னு நினைச்சோம் சார், உங்களைப் பத்தி வேற எப்படி நினைக்கிறது' என்று அந்த அம்மா வெளிப்படையாகச் சொன்னார்.

அவர் போன பிறகு கேட்டருகிலேயே நின்றேன். வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். தன் வீட்டுக்கு வர அனுமதி கேட்பதற்கு ஒரு ஆளை அனுப்பியிருக்கிறாள், அதற்கு நான் ஒரு டீசல் இன்ஜினை உறுமவிட்டுப் பதில் சொன்னதாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். இத்தனை வாரமாக. இன்று காலை முதல் வேலையாகச் சுவிட்சைப் பழைய இடத்தில் மாட்டினேன். மாட்டிய பிறகு சரியாக அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், வாசலில் நின்று அழுத்தினால் உள்ளே கேட்க ஆள் இல்லை, உள்ளே போனால் அழுத்த ஆள் இல்லை. அழுத்திவிட்டு ஜன்னலில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, 'அடிக்குது சார், அடிக்குது, எங்க வீடு வரைக்கும் கேக்குது' என்று பல்பிடுங்கியின் குரல் வந்தது.

ஆகவே இதுதான் நான் சொல்ல வந்தது. உன் மாமாவிடம் நீயே சொல், நானும் அவனுக்குப் போன் செய்கிறேன், ஆனால் முதலில் நான் பேசினால் அவன் எடுக்கமாட்டான். உன் அம்மாவிடம், நான் வரச் சொன்னேன் என்று சொல். வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம். லீவு எத்தனை நாளோ அத்தனை நாள் வரட்டும், முடிந்ததும் திரும்பிப் போகட்டும், நான் தடுக்கமாட்டேன், முகத்தையும் தூக்கிவைத்துக்கொள்ளமாட்டேன், அல்லது முடிந்தவரை தூக்கிவைத்துக்கொள்ளாமல் இருக்கப் பார்க்கிறேன். காப்பகத்தில் என்ன செய்கிறாள் என்று அவளே என்னிடம் சொல்லட்டும், உன் மாமா வழியாக வேண்டாம், உன் வழியாகவும் வேண்டாம். என்ன விமானம் என்று மட்டும் சொன்னால் போதும், வண்டி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறேன். புதிதாகப் பூட்டிய இன்ஜினைக் கொஞ்ச தூரத்துக்கு வேகம் ஏற்றாமல் ஓட்ட வேண்டும், வீடு வந்து சேர நேரமாகும், அதையும் முன்கூட்டியே சொல்லிவை. உனக்கு என்மேல் இருக்கிற கோபத்தை நீ வைத்துக்கொள், எனக்கும் உன்மேல் இருக்கிறது, அதை நாம் இரண்டு பேரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவளுடைய லீவுக்கும் நம் கோபத்துக்கும் சம்பந்தமில்லை.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், உனக்கும். நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் வீட்டில் பேச்சுச் சத்தமும் குறையாமல் இருங்கள். பையனுக்கு முத்தம், போட்டோவில் அவனுக்கு என் காது வந்திருக்கிறது, வேறெதுவும் வராமல் பார்த்துக்கொள். பால் பாட்டிலை வாயில் வைத்தபடி அவனைத் தூங்கவிடாதே, முளைக்கிற பல் சொத்தையாகிவிடும் என்று பல்பிடுங்கி இன்று மதில்மேல் சாய்ந்துகொண்டு கால் மணி நேரம் சொன்னார், மறக்காதே. உன் அம்மா ரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறாளா என்று பார்.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடும்முன் எழுதியது முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது என் பழக்கம். படித்தால் பிழை கண்ணில் படும், பிழையைத் திருத்த உட்கார்ந்தால் வரச் சொன்னேன் என்று எழுதியதை அடித்துவிட்டு அவள் இஷ்டம் என்று எழுதுவேன், அதற்கும் மேலே உன்னைப் பற்றி நாலு வரி சேர்ப்பேன். என்னை எனக்குத் தெரியும். நேற்று சாயங்காலம் எழுதியது அப்படித்தான் நாலாகக் கிழிந்து கூடைக்குள் கிடக்கிறது. அதனால் இதைப் படிக்கப்போவதில்லை, கீழே பெயரும் எழுதப்போவதில்லை, மை காய்வதற்குள் மடித்து உறைக்குள் போட்டு, தெருமுனைத் தபால் பெட்டி வரைக்கும் போய்விட்டு வருகிறேன்.